ஜப்பான் வாய்க்காலும் ஐந்து பிரதிகளும்

வேறு ஒருவரும் எழுத மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் அந்தப் பரிசுக்கு எழுதினேன். கிழக்காசியச் சட்டத்தில் எனக்கு ஒரு பற்றும் இருக்கவில்லை. ஊரில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் சட்டம் எங்கே போய்விட்டது என்று தேடவே எங்களுக்கு நேரம் போதவில்லை. ஜப்பான்காரனின் சட்டத்தை யார் தேடுவது?

அப்போது நான் திருகோணமலை நீதிமன்றத்துக்கு அருகே ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளாக்காக இருந்தேன். காலையில் கப்பல்துறையில் பஸ் ஏறி, வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து மறுபடி ஏறி, வந்து கந்தோர்க் கதவைத் திறப்பேன். பின்னேரம் அதே சாவடிகளில் அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லிக்கொண்டு வீடு திரும்புவேன். மிச்ச நேரத்தில் தபால் வழியாகச் சட்டம் படித்தேன். கொழும்பில் இருந்த ஒரு சிறு நிலையம் மாதம் ஒருமுறை பாடக்குறிப்பு அனுப்பும். பாதி மாதங்களில் அது வராது. வரும் மாதங்களில் யாரோ உடைத்துப் பார்த்துவிட்டு ஒட்டிய பசையோடு வரும்.

ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு தரம் பெயில். நான் மொக்கு இல்லை. "விளக்கத்துக்கு நூலின் ஏழாம் அத்தியாயத்தைப் பார்க்கவும்" என்று குறிப்பில் போட்டிருப்பார்கள். அந்த நூல் கொழும்பில் நிலையத்தின் நூலகத்தில் இருந்தது. கொழும்பு மாணவர்கள் நடந்து போய் எடுத்தார்கள். தபால் மாணவர்களுக்குப் புத்தகம் இரவல் கிடையாது. நான் ஏழாம் அத்தியாயத்தை எங்கே போய்ப் பார்ப்பது, கோணேசர் மலையில் ஏறி நின்றா? மூன்றாம் தரமும் பெயிலானால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அந்த மூன்றாம் தரத்துக்கு எட்டு மாதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குறிப்போடு, றோணியோ மெஷினில் பிரதி எடுத்த ஒரு தாள் வந்தது. நிலையத்தில் படிப்பித்த ஒரு விரிவுரையாளர் ஜப்பானில் போய்ப் படித்தவராம். நோய் வருத்தம் வந்து இளம் வயதிலேயே இறந்துவிட்டார். அவர் நினைவாக அவருடைய மனைவி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பரிசு வைத்திருந்தார். கிழக்காசிய நாடுகளின் சட்டம் பற்றி எழுத வேண்டும். பரிசு என்ன என்று பார்த்தேன். ஒரு சான்றிதழ். அதன் கீழே, ஒரு வருடத்துக்கு நூலக அட்டை, ஒரே தடவையில் நான்கு புத்தகம், தபாலிலும் அனுப்பப்படும்.

அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன்.

மாணவர்கள் எழுதிப் பழக என்று, இறந்தவர் எழுதிய பதினொரு பக்கக் குறிப்பு ஒன்றையும் இணைத்திருந்தார்கள். பழைய ஜப்பானில் ஒரே வாய்க்காலை நம்பியிருந்த இரண்டு கிராமங்கள். மேலே இருப்பவர்கள் தண்ணீரை மறிப்பார்கள். கீழே இருப்பவர்கள் வழக்குக்குப் போனால், உங்களுக்குள்ளே பேசித் தீருங்கள் என்று அதிகாரிகள் திருப்பி அனுப்புவார்கள். பிற்காலத்தில் அந்தச் சமரசத்தையே சட்டமாக ஆக்கினார்கள். இதுதான் விஷயம். மனிதர் மிகத் தெளிவாக எழுதியிருந்தார். வாசிக்க வாசிக்க எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்படி எழுதத் தெரிந்தவர் ஒப்பந்தச் சட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டுச் செத்திருக்கலாம்.

தண்ணீர்ச் சண்டை எனக்குத் தெரியாத விஷயமா? அப்பாவுக்குக் கந்தளாய்க் குளத்தின் கீழே வயல் இருந்தது. மேல் வயல்காரன் முறை மாறி மதகைத் திறந்தால் அப்பா மண்வெட்டியோடு போவார். நீர்ப்பாசனக் கந்தோர் ஆள் வந்து "பேசித் தீருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பேசித் தீர்ப்போம் என்று மேல் வயல்காரன்தான் எப்போதும் முதலில் சொல்லுவான். அவனுக்கென்ன, அவன் வயலில் தண்ணீர் நிற்கிறது. இதைத்தான் நான் எழுதினேன். ஜப்பானையும் கந்தளாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமரசம் என்பது மேல்வாய்க்கால்காரனின் சட்டம் என்று பதினெட்டுப் பக்கம் கையால் எழுதினேன்.

கட்டுரை தட்டச்சில் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் கந்தோரில் இருந்தது இங்கிலீஷ் மெஷின். தமிழ் மெஷினுக்கு நானாவிடம்தான் போக வேண்டும்.

நானா என்று நான் சொல்வது நீதிமன்ற மதிலோரம் வாகை மரத்தின் கீழே மேசை போட்டு, சனத்துக்குப் பெட்டிசம், அதாவது மனு, அடித்துக் கொடுக்கிறவரை. கிண்ணியா ஆள்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே பாலம் இல்லை; 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாகனமும் சனமும் சேர்ந்து கடக்கும். அவர் அதில் வந்து, அதில் போவார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மேசையில் தட்டச்சு மெஷின், ஒரு கட்டு மெல்லிய தாள், கார்பன், மானை விரட்ட ஒரு தடி. எங்கள் ஊர் மான்கள் கடைத்தெருவில் மாடு மாதிரித் திரியும். அவைக்குக் கார்பன் தாளில் என்ன ருசியோ. ஒருமுறை ஒரு மான், காணாமல் போன ஒரு சைக்கிளைப் பற்றிய பெட்டிசத்தை இரண்டாம் பக்கத்தோடு தின்றுவிட்டது.

நான் பதினெட்டுப் பக்கத்தையும், விலாசம் இருந்த அந்த றோணியோத் தாளையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு பக்கம் வாசித்தார்.

"தங்கச்சி, இது ஆருக்கு எதிரா?"

"ஒருத்தருக்கும் எதிரா இல்லை நானா. இது கட்டுரை."

"ஒருத்தருக்கும் எதிரா இல்லாமப் பதினெட்டுப் பக்கமா?"

"போட்டிக்கு."

"சரி. கடைசில என்ன கேட்டிரிக்கீங்க?"

"ஒண்டும் கேக்கேல்லை."

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்டும் கேக்காம எவன் தங்கச்சி இவ்வளவு எழுதுவான்? ஒங்களுக்கு என்ன வேணும்?"

"நூலக அட்டை வேணும். பரிசு அதுதான்."

"அப்பிடிச் சொல்லுங்களன்" என்றார். முகம் தெளிந்தது. "வெள்ளிக்கிழமை தாறன். இப்ப கையெழுத்த வெச்சிட்டுப் போங்க."

"அடிக்க முதலோ?"

"எல்லாரும் அப்பிடித்தான். மூதூரில இரிந்து வாறவங்க கையெழுத்துக்கு இன்னொரு நாள் வருவாங்களா? நாளைக்கு ரோட்டுத் திறந்திரிக்கும் எண்டு ஆர் கண்ட?"

ஒரு வெள்ளைத் தாளை நீட்டி அடியில் விரலை வைத்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தில் கிட்டத்தட்ட முதல் பாடம். அதில்தான் நான் இரண்டு தரம் பெயில். அந்தத் தாளின் கீழே கார்பன் வைத்து இன்னும் ஐந்து தாள் இருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் தபாலில் சேர்க்கக் கடைசி நாள். அன்று விடியற்காலையில் ஆமிக்காரர் கப்பல்துறையைச் சுற்றிவளைத்துவிட்டார்கள். ஊர்ச்சனம் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். பொம்பிளைகள் ஒரு பக்கம், ஆம்பிளைகள் ஒரு பக்கம். ஆளைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனை ஜீப்பில் வைத்திருந்தார்கள். அவன் எந்தப் பக்கம் தலையை ஆட்டுவான் என்று எல்லோரும் பயந்தார்கள். நானும் பயந்தேன். ஆனால் பதினொரு மணிக்குப் பிறகு எனக்குத் தபாற்கந்தோரில் பை கட்டும் நேரம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "மூண்டு மணிக்குப் பை கட்டிப்போடுவினம்" என்றேன். அம்மா, "வாயைப் பொத்து" என்றார். நாலரைக்கு எங்களை விட்டார்கள். அன்று ஒருவரையும் பிடிக்கவில்லை. மற்றவர்கள் கோயிலுக்கு நேர்ந்தார்கள். எட்டு மாதமும் ஏழாம் அத்தியாயமும் போய்விட்டன என்று நான் குசினிக்குள் போய் அழுதேன்.

திங்கட்கிழமை நானாவிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கவலப்படாதீங்க. ஒங்கட ஊர் ரவுண்டப் எண்டு கேள்விப்பட்டன். ரெண்டு மணிக்கு நானே போய்ப் பதிவுத் தபால்ல போட்டுட்டன். எல்லாத்தயும்."

கும்பிட வேண்டும் போல இருந்தது. "நானா, நீங்கள் நல்லா இருப்பியள்" என்றேன். அதற்குப் பிறகுதான் 'எல்லாத்தயும்' என்ற சொல் காதுக்குள் விழுந்தது.

"எல்லாத்தையும் எண்டா?"

"மூலமும் அஞ்சு பிரதியும்."

"என்ன பிரதி?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து, அடிக்க முதல் கையால் எழுதிய தன்னுடைய கைப்பிரதியை எடுத்துத் தந்தார். நான் நின்றபடியே வாசித்தேன். பிறகு அவருடைய கதிரையில் இருந்து வாசித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நானா வாழ்க்கையில் ஒரு நாளும் பார்த்து அடித்தவர் இல்லை. அவரிடம் வருகிறவர்கள் வாயால் சொல்லுவார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் பாட்டில் எழுதி அடிப்பார். அதுதான் தொழில். என் பதினெட்டுப் பக்கத்தையும் அவர் அப்படித்தான் கேட்டிருக்கிறார். வாசித்து, விளங்கி, மூடி வைத்துவிட்டு, தானே எழுதி அடித்திருக்கிறார். ஆறு பக்கம். பந்திகளுக்கு இலக்கம் போட்டிருந்தது.

"1. நான் மேற்படி விலாசத்தில் வசிக்கும் ஓர் ஏழை மாணவி என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்.

2. ஜப்பான் தேசத்தில் ஒரே வாய்க்காலில் தங்கி வாழும் இரு கிராமங்கள் உண்டென்பதையும், மேல்வாய்க்கால் கிராமத்தார் கீழ்வாய்க்கால் கிராமத்தாருக்குப் பல வருடங்களாகத் தண்ணீர் விடாது இன்னல் கொடுத்து வருகின்றனர் என்பதையும் மிகுந்த மனவேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. இது சம்பந்தமாக அந்நாட்டு அதிகாரிகளிடம் பலமுறை முறையிட்டும் இதுவரை எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை."

இப்படியே போனது. கந்தளாய் ஒன்பதாம் பந்தியில் வந்தது. பதினான்காம் பந்தி என் கட்டுரையில் இல்லாதது. அவரே சேர்த்தது. கிண்ணியாப் பாதையைப் பற்றியது. கடைசியில் கோரிக்கை. "ஆகவே, கருணைகூர்ந்து இந்த ஏழை மாணவிக்குத் தங்கள் நூலகத்திலிருந்து ஒரே தடவையில் இரண்டு புத்தகங்கள் தபால் மூலம் இரவல் பெறும் அட்டை ஒன்றை வழங்கி உதவுமாறு..."

அதன் கீழே, கையெழுத்துக்கான இடத்தில் என் பெயர். அதன் கீழே:

"பிரதிகள்: அரசாங்க அதிபர். பிரதேச செயலாளர். நீர்ப்பாசனப் பொறியியலாளர். பாராளுமன்ற உறுப்பினர். ஜப்பான் தூதுவர்."

என் வாயில் என்னென்ன வந்தது என்று இங்கே எழுத ஏலாது. நீதிமன்றத்தில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் இரண்டடி முன்னால் வந்து பார்த்தார். மான் ஓடிவிட்டது.

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிரதி இல்லாமப் பெட்டிசம் போட்டா ஆரு பாப்பாங்க? மேல ஒருத்தன் பாக்கிறான் எண்டு பயமிரிந்தாத்தானே கீழ இரிக்கிறவன் வேல செய்வான்."

"இது பெட்டிசம் இல்லை எண்டு சொன்னனான்தானே."

"அட்ட வேணும் எண்டு கேட்டது நீங்கதானே?"

"நாலு புத்தகம். ரெண்டெண்டு ஏன் போட்டனீங்கள்?"

"கொறச்சிக் கேட்டாத்தான் தங்கச்சி தருவாங்க. நாலு கேட்டா ஒண்டும் இல்ல."

"ஜப்பான் தூதுவர் ஏன்?"

"ஜப்பான்ல நடந்த விசயம். அவருக்கு அறிவிக்காட்டி மரியாத இல்லயே."

மூன்று கிழமையில் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றே வரி. போட்டி விதி ஆறின்படி கட்டுரை வேறு எவருக்கும் எந்த வடிவிலும் சமர்ப்பிக்கப்படாததாக இருத்தல் வேண்டும். தங்கள் கட்டுரை வேறு ஐவருக்கு அனுப்பப்பட்டுள்ளதாக அதிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே பரிசீலிக்க முடியாமைக்கு வருந்துகிறோம்.

அரசாங்க அதிபர் சட்டச் சஞ்சிகை நடத்துவதில்லை என்று நான் பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. போட்டிக்கு மொத்தமாக வந்த கட்டுரைகள் இரண்டு என்று பிறகு அறிந்தேன். ஒன்று என்னுடையது. மற்றதை எழுதிய கொழும்பு மாணவருக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள். அவரிடம் ஏற்கெனவே நூலக அட்டை இருந்தது. இதை இன்று எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து பிரதிகளில் ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் வந்தது. தூதுவருக்குப் போனது ஐந்தாவது கார்பன், ஆக மங்கல். அதில் ஒரு எழுத்தும் வாசித்திருக்க ஏலாது. அவர்கள் ஒரு கலண்டர் அனுப்பியிருந்தார்கள், பனி மூடிய மலைப் படத்தோடு. தபாற்கந்தோரிலிருந்து கொண்டுவரும்போது சாவடியில் அதை விரித்து விரித்துப் பார்த்தார்கள். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். எனக்கு அதைப் பார்க்கும் நேரமெல்லாம் விதி ஆறு ஞாபகம் வந்தது.

நானாவோடு நான் கதைக்கவில்லை. கந்தோருக்குப் போகும்போது மதிலின் மற்றப் பக்கத்தால் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை விதானையார் சைக்கிளில் வந்து எங்கள் படலையில் மணி அடித்தார். கிராம சேவையாளர் என்று அரசாங்கம் பெயர் மாற்றி எத்தனையோ காலம் ஆகியும் எங்களுக்கு அவர் விதானையார்தான். கையில் ஒரு பைல். முற்றத்தில் கதிரை போட்டோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்கள்தானே மனுதாரர்?"

"நான் மனு ஒண்டும் போடேல்லை ஐயா."

"கையெழுத்து?"

"என்ரதான்."

"அப்ப மனுதாரர்" என்று எழுதினார். "அரசாங்க அதிபர் பிரதேச செயலாளரிட்ட அறிக்கை கேட்டிருக்கிறார். பிரதேச செயலாளர் என்னட்டக் கேட்டிருக்கிறார். நான் விசாரிக்கோணும். தகராறு நடந்த இடம்?"

"ஜப்பான்."

பேனை நின்றது. பிறகு எழுதியது. "அது என்ர பிரிவுக்குள்ள வராது."

"நாட்டுக்குள்ளயே வராது ஐயா."

"ஒன்பதாம் பந்தியில கந்தளாய் எண்டு கிடக்கு."

"கந்தளாயும் உங்கட பிரிவு இல்லையே."

"ஓம். ஆனா மனுதாரர் என்ர பிரிவு. அதை நான் தட்டிக்கழிக்க ஏலாது."

கந்தளாய் என்ற சொல் கேட்டதும் அப்பா உள்ளேயிருந்து வந்தார். யுத்தம் கூடிய பிறகு அந்த வயலுக்குப் போக முடியாமல் வீட்டோடு இருந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப்போனார்.

"என்ர பேரையும் போட்டிருக்கிறியோ?"

"இல்லை அப்பா. கந்தளாயில வயல் வைச்சிருந்த ஒருத்தர் எண்டுதான்."

"கந்தளாயில வயல் வைச்சிருந்து மதகடியில சண்டை பிடிச்ச ஒருத்தன் நான்தான். இந்தக் காலத்தில பெட்டிசத்தில பேர் வந்தா என்னெண்டு தெரியுமோ உனக்கு? மேல் வயல்காரன் இப்ப என்னோட நல்லாக் கதைக்கிறவன். போன வருசமும் ஆள் விட்டு நெல்லு அனுப்பினவன்."

விதானையார் கையை உயர்த்தினார். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. அதை விசாரணைக்கு எடுக்கேல்லை எண்டு எழுதுறன்."

அப்பா, பேனை தாளில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்டு" என்றார்.

"சொல்லுங்கோ."

"எங்கட முறை வியாழக்கிழமை. அவன் புதன் பின்னேரமே மதகைத் திறந்து விட்டிடுவான்."

"அப்பா."

"உள்ளதைத்தானே சொல்லுறன். எழுதாட்டியும் ஐயா தெரிஞ்சு வைச்சிருக்கட்டும்." கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அரை மணித்தியாலம் விதானையார் மதகைப் பற்றிக் கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. அம்மா இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றினார்.

அது முடிய விதானையார் மறுபடி பைலைப் புரட்டினார். "எதிர்மனுதாரர், மேல்வாய்க்கால் கிராமத்தார். இவையின்ர விலாசம் இல்லையே."

"ஐயா, அது முந்நூறு வருசத்துக்கு முந்தின ஆக்கள்."

"அப்ப இறந்திட்டினம்?"

"இறந்துதானே இருக்கோணும்."

"எதிர்மனுதாரர்கள் காலமாகிவிட்டனர்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பகிடி விடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனிதர் காணாமல் போனவர்களின் பட்டியலையும் அகதி நிவாரண அட்டைகளையும் இதே கையால், இதே முகத்தோடு எழுதிக்கொண்டிருந்தவர். ஒவ்வொன்றையும் விசாரித்தே எழுதுவார். என் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது.

"இனி மிச்சம் கோரிக்கை" என்றார். "நூலக அட்டை. ரெண்டு புத்தகம். இது ஏன் தேவை?"

நான் சொன்னேன். ஏழாம் அத்தியாயம், இரண்டு பெயில், மூன்றாம் தரம், பெயர் வெட்டுவது, கொழும்பு மாணவர்கள் நடந்து போய் எடுப்பது. சொல்லச் சொல்ல எனக்குக் குரல் கூடியது. அவர் நிறுத்தாமல் எழுதினார். கடைசியில் வாசித்துக் காட்டினார்: "மனுதாரரை நேரில் விசாரித்தேன். தகராறு சம்பந்தமாக இப்பிரிவில் எடுக்கக்கூடிய நடவடிக்கை எதுவும் இல்லை. நூலக அட்டை சம்பந்தமான கோரிக்கை நியாயமானது. சிபாரிசு செய்கிறேன்." கையெழுத்து, திகதி, றப்பர் முத்திரை. முத்திரையை இரண்டு தரம் ஊதிக் குத்தினார்.

"இது போய் என்ன நடக்கும் ஐயா?"

"மேல போகும்" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

போனது. பிரதேச செயலாளர் விதானையாரின் சிபாரிசைச் சிபாரிசு செய்தார். அரசாங்க அதிபரின் கந்தோரான கச்சேரி அதையும் சிபாரிசு செய்து, மூன்று மொழியிலும் தலைப்பு அடித்த கடிதத்தில் நிலையத்துக்கு அனுப்பியது. "இம்மனு தொடர்பாகத் தாங்கள் எடுத்த நடவடிக்கையை இவ்வலுவலகத்துக்கு அறியத்தரவும்." அந்த வரியின் பலம் எனக்கு அப்போது தெரியாது. பிறகு நானே எத்தனையோ கடிதத்தில் போட்டிருக்கிறேன். கச்சேரியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தால் 'நடவடிக்கை எடுக்கவில்லை' என்று பதில் எழுத ஒரு தலைவருக்கும் மனம் வராது. கட்டுரையைத் தள்ளலாம். பெட்டிசத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அட்டை வந்தது. மஞ்சள் அட்டை, ஒரு வருடத்துக்கு, இரண்டு புத்தகம். கூடவே நிலையத் தலைவரின் கடிதம், பிரதி அரசாங்க அதிபருக்கு. கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில், நீல மையில், பரிசை வைத்த அந்த அம்மா இரண்டு வரி எழுதியிருந்தார். கட்டுரையைத் தானும் வாசித்ததாகவும், விதியை மாற்ற முடியவில்லை என்றும், பதினான்காம் பந்தியைத் தன் கணவர் மிகவும் ரசித்திருப்பார் என்றும்.

பதினான்காம் பந்தி. அன்று கோபத்தில் கையோடு கொண்டுவந்துவிட்ட அந்தக் கைப்பிரதியைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன்.

"14. கிண்ணியாப் பாதையில் ஏறும் நாம் வரிசையில் நிற்கின்றோம். அவசரக்காரர் வந்தால் பேசி வழிவிடுகின்றோம். எனினும் தினமும் அவசரக்காரர் ஒரே ஆளாக இருப்பின், மூன்றாம் நாள் அவரை ஏற விடுவதில்லை. இவ்விடயத்தை ஜப்பான் கிராமத்தாரின் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கின்றேன்."

நான் பதினெட்டுப் பக்கத்தில் மூச்சு வாங்கிச் சொன்னதை மனிதர் நாலு வரியில் சொல்லியிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

முதல் பொதியில் ஒப்பந்தச் சட்டத்துப் புத்தகம் வந்தது. ஏழாம் அத்தியாயம் பன்னிரண்டு பக்கம். அவ்வளவுதான். அதற்காக இவ்வளவு பாடு. யாரோ கொழும்பு மாணவர் பென்சிலால் ஓரத்தில் ஒரு பூனை கீறி வைத்திருந்தார். மூன்றாம் தரம் பாஸானேன். பெரிய புள்ளி ஒன்றும் இல்லை. பெயரை வெட்டவில்லை, அது போதும்.

அடுத்த வருடம் அட்டைக் காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. இன்னும் மூன்று பாடம் பாக்கி. நான் மதிலின் இந்தப் பக்கத்தால் போய் வாகை மரத்தின் கீழே நின்றேன். நானா தலையைத் தூக்காமல் தாள் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அட்டையைப் புதுப்பிக்கோணும்" என்றேன்.

"கட்டுரையா, பெட்டிசமா?"

"பெட்டிசம்."

"இப்பதான் ஆளுக்கு அறிவு வந்திரிக்கி." கார்பன் கட்டை எடுத்தார். ஐந்து தாளை எண்ணி அடுக்கினார்.

"நாலு புத்தகம் எண்டு போடுங்கோ நானா."

"மூணு."

"சரி, மூண்டு."

வெள்ளைத் தாளை நீட்டி அடியில் விரலை வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். "முதல் அடியுங்கோ. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டு ஒன்றாம் பந்தியைத் தொடங்கினார். நாலாம் பந்தி வரும்போது, அந்த அம்மா நீல மையில் எழுதியதை அவருக்குச் சொன்னேன். ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அவர் அடிப்பதை நிறுத்தினார்.

"பதினாலாம் பந்தியா?"

"ஓம்."

"அது நான் எழுதினதெண்டு அவவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நானா மெஷினிலிருந்து தாளைச் சுழற்றி வெளியே எடுத்தார். இன்னொரு கார்பனும் இன்னொரு மெல்லிய தாளும் சேர்த்து, ஆறு பிரதியாக அடுக்கி மறுபடி மாட்டினார்.

"அவவுக்கும் ஒண்டு போகட்டும்" என்றார்.